சர்க்கரை எலிக்கு வைட்டமின் தருவது என்றைக்கு?

கோயமுத்தூர், ஈரோடு, குமாரபாளையம், நாமக்கல் என்று நம்ம பக்கம் பார்மசி கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. எம்.பார்ம். ஆய்வுக்காக எலிக்குச் சர்க்கரை வரவைத்து, வைட்டமின் சி, ஈ கொடுத்து, கல்லீரலில் எம்.டி.ஏ. (மாலோன்டைஆல்டிஹைடு, கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெட்டதைக் காட்டும் பொருள்) குறைந்ததா, குளூட்டத்தயோன் (செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட்) கூடியதா என்று பார்க்கிறவர்கள் நிறைய. அப்படியோர் ஆய்வு கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வைட்டமினைத் தொடங்கிய தேதி. முடிவுக்கு என்ன பொருள் என்பதை அந்தத் தேதிதான் சொல்லும்.

எலிக்குச் சர்க்கரை வரவைக்கப் போடும் ஊசி மருந்துகளில் ஒன்றான அலோக்சான், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் போனதும் குளூட்டத்தயோனோடு மாறி மாறி வினைபுரிந்து, சூப்பர் ஆக்சைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கக்கும். செல் சாவது அதனால்தான். இன்னொரு ஊசி மருந்தான ஸ்ட்ரெப்டோசோடோசின் முக்கியமாக டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது, கூடவே அதிலும் ஆக்சிஜனேற்றச் சேதம் உண்டு. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே வைட்டமின் ஈ கொடுத்துவந்தால், அது ஊசி மருந்தின் விஷத்தையே முறித்துவிடலாம். அந்த எலிக்குச் சர்க்கரை குறைவாக ஏறும், எம்.டி.ஏ.வும் குறைவாக வரும். அதைப் பார்த்து ‘வைட்டமின் சர்க்கரை நோயின் சிக்கலைத் தடுத்தது’ என்று எழுதுவது தப்பு. விஷம் சரியாக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான் அங்கே நடந்தது.

ஆகவே நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிய பிறகு, ஸ்ட்ரெப்டோசோடோசின் என்றால் வரிசை இப்படிப் போக வேண்டும். எலியை இரவு பட்டினி போடுங்கள். மருந்தைக் கரைக்க, 0.1 மோலார் சிட்ரேட் பஃபரை (அமிலத்தன்மை மாறாத கரைசல்) பி.எச். 4.5 வைத்து, ஐஸில் குளிரவிடுங்கள். 200 கிராம் எலிக்கு கிலோவுக்கு 50 மி.கி. என்றால் 10 மி.கி. மருந்து, மில்லிக்கு 20 மி.கி. வீதம் கரைத்தால் 0.5 மில்லி வயிற்றறைக்குள் போகும். குப்பியில் அலுமினியத் தாள் சுற்றி, ஐந்தாறு எலிக்கு வேண்டியதை மட்டும் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஊசி போட்டு முடியுங்கள். முப்பது எலிக்கும் ஒரேயடியாகக் கரைத்து வைத்தால், கடைசிக் கூண்டுக்குப் போகும்போது மருந்து சிதைந்து வீரியம் குறைந்திருக்கும். ‘பத்து எலிக்குச் சர்க்கரையே ஏறவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலும் கதை இதுதான்.

ஊசி போட்ட அன்று இரவு இன்னொரு ஆபத்து உண்டு. சாகும் பீட்டா செல்கள் சேமித்த இன்சுலினைக் கொட்டிவிடுவதால் சர்க்கரை சரிந்து எலி செத்துப்போகும். முதல் 24 மணி நேரம் 5 சதக் குளுக்கோஸ் தண்ணீர் வையுங்கள். 72 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 250 மி.கி.க்கு மேல் இருக்கும் எலிகளைப் பிரித்தெடுத்து, சர்க்கரை அளவும் எடையும் எல்லாக் குழுவிலும் ஒத்துவரும்படி பங்கிட்டு, அதற்குப் பிறகே வைட்டமினைத் தொடங்குங்கள்.

வைட்டமின் சி-யைக் குடிதண்ணீரில் கலப்பது சுலபம்தான். ஆனால் கணக்கு உதைக்கும். சாதா எலி நாளுக்கு 25–30 மில்லி குடிக்கும். சர்க்கரை எலி 100 மில்லிக்கு மேல் குடிக்கும். லிட்டருக்கு 1 கிராம் கலந்தால் ஒன்றுக்கு 30 மி.கி., இன்னொன்றுக்கு 100 மி.கி.க்கும் மேல். போதாக்குறைக்கு, தண்ணீரில் செம்பு, இரும்பு துளி இருந்தாலும் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, வேகமாகச் சிதையும். அன்றன்றைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, குழல் ஊசியால் வாய்வழி கொடுப்பதே சரி.

வைட்டமின் ஈ எண்ணெயில்தான் கரையும். கிலோவுக்கு 2 மில்லி, அதாவது 200 கிராம் எலிக்கு 0.4 மில்லி எண்ணெய் போதும். சூரியகாந்தி எண்ணெயிலேயே டோகோஃபெரால் நிறைய இருப்பதால், வைட்டமின் தராத கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே எண்ணெய், அதே அளவு தந்தாக வேண்டும். மருந்துக்கடைக் காப்ஸ்யூலைப் பிழிந்து பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் பெரும்பாலும் இருப்பது டோகோஃபெரில் அசிடேட். குடலில் அசிடேட் பிரிந்த பிறகே அதற்கு ஆன்டிஆக்சிடன்ட் வேலை வரும். சோதனைக் குழாயில் நேரடியாகப் போட்டுச் சோதித்தால் ஒன்றும் தெரியாது.

எலி தன் ஈரலிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும். நாமக்கல் கோழிப்பண்ணையில் வெயில் காலத்தில் தீவனத்தில் வைட்டமின் சி கலக்கிறார்களே, அந்தக் கோழியும் சிறுநீரகத்தில் அதைத் தானே செய்யும். வெக்கையில் செய்வது போதாது என்பதால்தான் கலப்பது. கினிப் பன்றிக்கும் நமக்கும் அந்த வசதி கிடையாது. எலியில் கிலோவுக்கு இத்தனை மி.கி. பலித்தது என்பதை எடையால் பெருக்கி மனிதனுக்கு எழுதுவது, இந்த வேறுபாட்டைப் பார்க்காத கணக்கு. வெக்கை எலிக்கும் உண்டு. சித்திரை வெயிலில் கரண்ட் போய் விலங்குக் கூடம் கொதித்தால் அதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான். அந்த நாளைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். சர்க்கரை எலியின் கூண்டில் உமியைத் தினமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அம்மோனியா ஏறி நுரையீரல் கெடும்.

எம்.டி.ஏ. பார்க்கும்போது ஈரலைக் குளிர்ந்த சலைனில் ரத்தம் போகும்வரை கழுவுங்கள். ரத்த இரும்பு, சோதனைக் குழாய் 95 டிகிரியில் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது புதிதாகவே எம்.டி.ஏ.வை உண்டாக்கும். இதைத் தடுக்கத் துளி பி.எச்.டி. (பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸி டொலுவீன் என்ற ஆன்டிஆக்சிடன்ட்) சேர்ப்பது நல்லது. சுக்ரோஸ் கலந்த பஃபரில் அரைக்காதீர்கள், எம்.டி.ஏ.வைப் போலவே சர்க்கரையும் சோதனையில் சேர்க்கும் டி.பி.ஏ.வோடு (தயோபார்பிட்யூரிக் அமிலம்) நிறம் தரும். கொதித்து ஆறிய குழாய் தெளிந்த ரோஜா நிறமாக இருந்தால் 532 நானோமீட்டர் ஒளியில் படிக்கலாம். ஆரஞ்சு சாயல் அடித்தால் அந்த அளவை நம்பாதீர்கள்.

எம்.டி.ஏ. குறைந்திருந்தால் பக்கத்திலேயே ரத்தச் சர்க்கரை அட்டவணையையும் வையுங்கள். குளுக்கோஸ் குவிந்தால் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர் ஆக்சைடு கூடும். மிகுந்த குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றும் பாதை, செலவான குளூட்டத்தயோனை மீட்டுத் தரும் என்.ஏ.டி.பி.எச்.-ஐத் தின்பதால், அதை மீட்க ஆளில்லாமல் போகும். ஆகவே சர்க்கரை இறங்கினாலே எம்.டி.ஏ.வும் இறங்கும். சர்க்கரை அப்படியே 400-இல் நிற்க, எம்.டி.ஏ. மட்டும் இறங்கினால்தான் அது வைட்டமினின் நேரடி வேலை. சர்க்கரை பார்க்கும் முறையும் ஏமாற்றும்: ரத்தத்தில் அஸ்கார்பேட் (வைட்டமின் சி) மிகுந்தால் சில குளுக்கோமீட்டர்கள் கூட்டிக் காட்டும், நொதி வழியாகச் சர்க்கரை பார்க்கும் ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. கிட் பெராக்சைடை இழந்து குறைத்துக் காட்டும். வைட்டமின் கொடுக்கும் முன், காலையில் ரத்தம் எடுங்கள்.

விவாதப் பகுதியில் மனிதச் சோதனைகளை மறைக்காதீர்கள். 2000-இல் வெளிவந்த ‘ஹோப்’ சோதனையில், சர்க்கரை நோயாளிகளும் இருந்த கூட்டத்துக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ நாலரை வருசம் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. அதன் தொடர்ச்சியில், 2005-இல், இதயச் செயலிழப்பு கூடியதாகத் தெரிந்தது. 2002-இன் ‘ஹார்ட் புரொடெக்‌ஷன்’ ஆய்வில் 20,536 பேர். ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும் கொடுத்தார்கள், ரத்தத்தில் அளவு ஏறியது, பலன் இல்லை. ஆய்வேட்டின் முடிவுரையில் ‘சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கலாம்’ என்ற வரி இருந்தால், அச்சுக்குப் போகும் முன் அடித்துவிடுங்கள்.