வேர்ட்ஸ்வொர்த் வேண்டாமென்ற ரயிலில் வேர்ட்ஸ்வொர்த் வீட்டுக்கு

லேக் டிஸ்ட்ரிக்ட், அதாவது இங்கிலாந்தின் வடமேற்கில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த ஏரி மலைப் பகுதி, போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. லண்டனிலிருந்து நேராக அங்கே போய், படகில் ஒரு சுற்று சுற்றி, ஏரிக்கரையில் செல்ஃபி எடுத்துத் திரும்பினால் பாதிப் பணம் வீண். மான்செஸ்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். பஞ்சாலைக்குள் நுழையாதவருக்கு அந்த ஊர்க் கவிதை எல்லாம் பூ வர்ணனைதான். பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ரொமான்டிக் கவிஞர்கள் என்றால் மேகம், குயில், டாஃபடில் பூ. நோட்ஸ் மூன்று பக்கம், பத்து மார்க்.

போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டாக்சிக்காரர் மீதான எரிச்சல் இன்னும் தீரவில்லை. அதை முதலில் இறக்கி வைக்கிறேன்.

தம்பி மான்செஸ்டரில் எம்.எஸ்சி. படிக்கிறான். அவன் அறையில் தங்கியதால் தங்குமிடச் செலவு எனக்குப் பூஜ்யம், அந்தத் தலைப்பு இத்துடன் முடிந்தது. குவாரி பேங்க் மில் என்று ஒரு பழைய பஞ்சாலை, ஸ்டையல் கிராமத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரயிலில் விமான நிலையம் வரை வந்துவிட்டு, மழையைப் பார்த்துப் பயந்து டாக்சி ஏறினோம். மீட்டர் ஒன்று காட்டியது, அவர் வேறொன்று கேட்டார். கேட்டால் விமான நிலையக் கட்டணமாம், ஞாயிற்றுக்கிழமைக் கட்டணமாம், பைக்குத் தனியாம். பை என்பது என் தோளில் தொங்கிய துணிப்பை! மொத்தம் 28 பவுண்டு. "விட்டுருக்கா, பேசப் பேச ஏத்திட்டே போவான்" என்று தம்பி காதோடு சொன்னான். நான் மனசுக்குள் நூற்றுச் சொச்சத்தால் பெருக்கிப் பார்த்து, உள்ளே நுழைவதற்குள்ளேயே வயிறெரிந்துவிட்டேன். திரும்பும்போது விமான நிலையத்துக்கு நடந்தே வந்தோம். நடக்கிற தூரம்தான், தாராளமாக நடக்கலாம்.

மில் விஷயத்துக்கு வருகிறேன். 1784-இல் சாமுவேல் கிரெக் என்பவர் போலின் ஆற்றின் ஓரம் கட்டியது. தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடிய ஆலை. தறிக்கூடத்தில் இன்றும் சில தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். சிலது ஓடுவதற்கே தரை அதிர்கிறது, பக்கத்தில் நிற்பவர் கத்துவது கேட்கவில்லை. மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் வட்டாரத்து நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதன் காரணம் சொல்லாமலே புரிகிறது. ஈரக்காற்றில் நூல் அறுந்து போகாது என்பதால் இந்த ஓயாத மழை முதலாளிகளுக்கு வரமாக இருந்திருக்கிறது. எனக்குச் சளிதான் பிடித்தது.

நூற்பு எந்திரத்தைக் காட்டியபோதுதான் கால் நகரவில்லை. அதன் முன்பாகம் தள்ளிக்கொண்டு வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். அப்படிப் போய்வரும் நேரத்துக்குள் அடியில் ஊர்ந்து போய் உதிர்ந்த பஞ்சைப் பொறுக்கி வர வேண்டும். பெரியவர் உடம்பு நுழையாது என்பதால் குழந்தைகள். மேலே கொஞ்ச தூரத்தில் அவர்கள் தங்கிய வீடு இருக்கிறது, 1790-இல் கட்டியது. ஏழை விடுதிகளிலிருந்து ஒப்பந்தம் போட்டுக் கூட்டி வந்த பிள்ளைகள். சோறும் படுக்கையும்தான், கூலி கிடையாது. 1806-இல் தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன் என்ற இரண்டு பையன்கள் இங்கிருந்து லண்டனுக்கு ஓடிப்போனார்கள். எந்திரத்தில் சிக்கி ஒரு விரலை இழந்திருந்தான் பிரீஸ்ட்லி. ஏன் ஓடினாய் என்று நீதிபதி கேட்டதற்கு அவன் சொன்ன பதில், அம்மாவைப் பார்க்கணும் என்பதே. அந்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது.

இத்தனைக்கும் கிரெக் அந்தக் காலத்து நல்ல முதலாளி என்று பெயர் எடுத்தவர்! அந்த நல்லவர் குடும்பத்துக்குக் கரீபியத் தீவான டொமினிக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய தோட்டமும் இருந்தது. மில்லிலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. நான் கோயம்புத்தூர்க்காரி. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். 1813-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக ஏகபோகம் முடிந்தபின் லங்காஷயர் ஆலைத் துணி நம் சந்தைகளில் வந்து குவிந்து, நம் கைத்தறிக்காரர்களைத் தெருவில் நிறுத்தியது. அந்த ஊர்ப் பெயரைப் பட்டமாகச் சூட்டிக்கொண்டு நாம் ஏன் இப்படிப் பூரிக்கிறோமோ தெரியவில்லை.

சரி, இதற்கும் கவிதைக்கும் என்ன? நிறைய. 'லண்டன்' என்ற கவிதையில் தெருவெல்லாம் சோர்ந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும் வில்லியம் பிளேக், புகைபோக்கி துடைக்கும் பிள்ளைகளைப் பாடியது இந்த ஆலைகள் எழும்பிய அதே ஆண்டுகளில். கவிஞர் பைரன் பிரபு 1812 பிப்ரவரியில் மேலவையில் பேசிய முதல் பேச்சே எந்திரங்களை உடைத்த நாட்டிங்காம்ஷயர் நெசவாளர்களுக்காக. தறியை உடைத்தால் தூக்கு என்று சட்டம் கொண்டு வந்தார்கள், அதை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறிவிட்டது. அடுத்த மாதமே அவர் காவியம் வெளியாகி லண்டனே அவரைக் கொண்டாடியது, நெசவாளர் கதையை எல்லோரும் மறந்தார்கள். வேர்ட்ஸ்வொர்த்கூட 1814-இல் வந்த 'தி எக்ஸ்கர்ஷன்' நெடுங்கவிதையில், ராத்திரி வெளிச்சம் போட்டு ஓடும் ஆலையையும் அதற்குள் கருகும் பிள்ளைகளையும் எழுதியிருக்கிறார். இதை நினைவில் வையுங்கள், ரயில் கதை வரும்போது தேவைப்படும்.

நடுவில் சாப்பாடு. மான்செஸ்டரின் நார்தர்ன் குவார்ட்டர் சந்துகளில் 'ரைஸ் அண்ட் த்ரீ' என்று ஒன்று கிடைக்கும். ஒரு தட்டு சோறு, மேலே மூன்று கறி, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துத் துணிக்கிடங்குகளில் வேலை பார்த்த தெற்காசியத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. இப்போது கோட்டு போட்டவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். நான் பருப்பு, கீரை, ஆட்டுக்கறி வாங்கினேன். சோற்றைக் குவித்துத்தான் போடுகிறார்கள், கறியில் எலும்போடு சாறு இறங்கியிருந்தது, மேசையில் பச்சை மிளகாய் இலவசம். இங்கிலாந்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு இதுதான். மிகக் குறைந்த விலையும் இதுதான். மறுநாளும் போனோம்.

அங்கிருந்து நடந்தே பீட்டர் தெரு. இன்று பெரிய ஹோட்டல் நிற்கும் இடத்தைச் சுற்றித்தான் 1819 ஆகஸ்ட் 16 அன்று சுமார் 60,000 பேர் கூடினார்கள். நெப்போலியன் போர் முடிந்து நான்கு வருஷம். நெசவுக் கூலி சரிந்துகொண்டே போக, வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்த சட்டத்தால் ரொட்டி விலை இறங்கவில்லை. ஊரே இல்லாமல் மேடாகிப்போன ஓல்ட் சாரம் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது, இவ்வளவு பெரிய மான்செஸ்டருக்கு ஒருவர்கூடக் கிடையாது. அதைத்தான் கேட்க வந்தார்கள். நல்ல துணி உடுத்தி, பிள்ளைகுட்டிகளோடு, திருவிழாவுக்கு வருவதுபோல. பேச வந்த ஹென்றி ஹன்ட்டைக் கைது செய்யச் சொல்லி நீதிபதிகள் உள்ளூர்த் தொண்டர் குதிரைப்படையை ஏவினார்கள், பின்னாலேயே ராணுவக் குதிரைப்படையும் வந்தது. 18 பேர் வரை செத்தார்கள், 600-க்கு மேல் காயம். முதலில் இறந்தது அம்மா கையிலிருந்து தூக்கியெறியப்பட்ட இரண்டு வயது வில்லியம் ஃபில்ட்ஸ். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவில் நாட்டுக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்த ஜான் லீஸ், இங்கே சொந்த நாட்டு வாள்வெட்டில் செத்தார். அதனால்தான் வாட்டர்லூவைக் கேலி செய்து இதற்குப் பீட்டர்லூ என்று பெயர்.

இதற்கு முன்பு இங்கே வைத்திருந்த நீலப் பலகையில் கூட்டம் 'ராணுவத்தால் கலைக்கப்பட்டது' என்று மட்டும்தான் இருந்ததாம். சாவு பற்றி ஒரு எழுத்தும் இல்லை. போராடி 2007-இல்தான் சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். 2019-இல் எழுப்பிய நினைவுமேடை வட்ட வட்டமான படிகள், ஏறி நின்று பேசலாம். ஆனால் சக்கர நாற்காலிக்காரர் ஏற வழியில்லை. எல்லோருக்கும் குரல் கேட்டவர்களுக்கு இப்படி ஒரு மேடையா?

செய்தி இத்தாலியில் இருந்த கவிஞர் ஷெல்லிக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. கொதித்துப் போய் 'தி மாஸ்க் ஆஃப் அனார்க்கி' எழுதி லண்டனுக்கு அனுப்பினார். நீங்கள் பலர், அவர்கள் சிலர் என்று முடிகிற கவிதை. அச்சிட்டால் சிறை என்று பதிப்பாசிரியர் லீ ஹன்ட் பூட்டி வைத்தார். 1832-இல் வெளியானபோது ஷெல்லி கடலில் மூழ்கிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அதே வருஷம்தான் சீர்திருத்தச் சட்டம் வந்து மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர் கிடைத்தார்கள். நம் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டது இந்த ஷெல்லிக்குத்தான். வானம்பாடிக் கவிதைக்காக மட்டும் ஒருவர் தாசனாக மாட்டார் என்று அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு தம்பிக்கு வகுப்பெடுத்தேன். அவனுக்கு ராத்திரி கிடங்கில் பார்சல் ஷிஃப்ட், கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டான்.

மான்செஸ்டரிலிருந்து லேக் டிஸ்ட்ரிக்டின் விண்டர்மியருக்கு ரயில். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், அன்றன்றைக்கு வாங்கினால் விலை குதிக்கும். ஆக்ஸன்ஹோமில் மாற வேண்டியிருக்கலாம். கென்டலிலிருந்து விண்டர்மியர் வரை இந்தப் பாதை வரக்கூடாது என்று 1844-இல் கவிதை எழுதிப் போராடியவர் யார் தெரியுமா? சாட்சாத் வேர்ட்ஸ்வொர்த். பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். ஆலைத் தொழிலாளர்களை ரயில் ரயிலாகக் கொண்டு வந்து கொட்டினால் இயற்கையை ரசிக்கும் பக்குவம் வந்துவிடாது, அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு பக்கத்து வயல்வெளியில் உலாவட்டும் என்பது அவர் யோசனை. ஆலைக்குள் கருகிய பிள்ளைகளுக்காக அழுத அதே பேனா! அப்போது அவர் அரசவைக் கவிஞர் வேறு. 1847-இல் ரயில் வந்துவிட்டது, ஆனால் விண்டர்மியரோடு நின்றது. அதற்கு மேல், வேர்ட்ஸ்வொர்த் வீடு இருக்கும் கிராஸ்மியருக்குப் பேருந்துதான். மாடியில் முன் சீட்டைப் பிடியுங்கள். ஏரியும் கல்வேலியும் செம்மறியாடும் ஒரு பக்கம், மலை இன்னொரு பக்கம். இந்த அழகைப் பார்த்தபின் அவர் பயந்ததில் கொஞ்சம் நியாயம் உண்டு என்றுகூடத் தோன்றியது. கிராஸ்மியரில் இறங்கியதும் சுற்றுலா வண்டிகளின் வரிசையைப் பார்த்து அது இன்னும் கொஞ்சம் கூடியது. நாங்களும் அந்தக் கும்பலில் இருவர் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

டவ் காட்டேஜ் என்ற அந்த வீட்டின் நுழைவுக் கட்டணம் எங்களின் இரண்டு நாள் ரைஸ் அண்ட் த்ரீ. யோசித்தோம், கொடுத்தோம், மதிப்பு உண்டு. முன்பு மதுக்கடையாக இருந்த வீடு. தாழ்ந்த கூரை, கல் தரை, பகலிலேயே இருட்டு. 1799 டிசம்பரில் தங்கை டொரோதியோடு இங்கே குடி வந்தபோது வேர்ட்ஸ்வொர்த்துக்கு வயது 29, பார்த்து முடித்தது ஒரு புரட்சியை. 1792-இல் பிரான்சில் இருந்தார், புரட்சியில் சொக்கிப் போனார், ஆனெட் வலோன் என்ற பெண்ணோடு வாழ்ந்தார். கையில் காசில்லாமல் ஊர் திரும்பினார். அந்த டிசம்பரில் மகள் பிறந்தாள், பிப்ரவரியில் இரு நாட்டுக்கும் போர். மகளை முதன்முதலாகப் பார்த்தது 1802-இல், கொஞ்ச காலம் சமாதானம் வந்தபோது. இங்கேயோ புரட்சி பற்றிப் பேசியவன் எல்லாம் துரோகி. புரட்சியை ஆதரித்து எழுதிய தாமஸ் பெயினுக்கு ஆளில்லாமலே தண்டனை விதித்தார்கள், 1794-இல் விசாரணையின்றிச் சிறையில் போடச் சட்டம் வழிவிட்டது. 1797-இல் சாமர்செட்டில் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் நண்பர் கவிஞர் கோல்ரிட்ஜும் நோட்டுப் புத்தகத்தோடு ஓடைக்கரையில் திரிந்ததைப் பார்த்துப் பிரெஞ்சு உளவாளிகள் என்று ஊர்க்காரர்கள் புகார் செய்ய, உள்துறை ஒற்றனையே அனுப்பிவிட்டது. வாடகை வீடும் போயிற்று. மறு வருஷம் இருவரும் சேர்ந்து வெளியிட்டதுதான் 'லிரிக்கல் பாலட்ஸ்'. சாதாரண மனிதர்கள் பேசும் மொழியில் கவிதை எழுதுவேன் என்று அந்தச் சூழலில் ஒருவர் சொல்வது வெறும் நடை விஷயமல்ல.

மாடியில் ஒரு சின்ன அறை, குளிருக்காக டொரோதி சுவரெல்லாம் செய்தித்தாள் ஒட்டிய அறை. எனக்கு வீட்டிலேயே பிடித்த இடம் அதுதான், பத்து நிமிஷம் சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன். டொரோதியின் நாட்குறிப்பைப் புரட்டினாலும் பூவைவிடப் பிச்சைக்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள். படையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், கைக்குழந்தையோடு அலையும் பெண்கள். 1800 அக்டோபர்க் குறிப்பில் ஒரு கிழவர் வருகிறார். மருத்துவத்துக்கு அட்டைப்பூச்சி பிடித்து விற்றவர். முன்பு நூறு அட்டை 2 ஷில்லிங் 6 பென்ஸுக்குக் கிடைத்தது, இப்போது 30 ஷில்லிங், பிடிக்கத்தான் அட்டை இல்லை என்றாராம். விலைவாசியைக்கூட விடாமல் டொரோதி எழுதி வைத்திருக்கிறார், என் இனம்! ரெண்டு வருஷம் கழித்து அண்ணன் அந்தக் கிழவரைக் கவிதையாக்கினார். பெயர் முழுக்க அண்ணனுக்கு. டாஃபடில் கதையும் அப்படியே: 1802 ஏப்ரலில் அல்ஸ்வாட்டர் கரையில் இருவரும் சேர்ந்து பார்த்த பூக்களைத் தங்கை அன்றே நாட்குறிப்பில் எழுதிவிட்டார். கவிதை வந்தது பிறகு, அதில் அண்ணன் தனியாகத் திரிந்தாராம்!

வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறை கிராஸ்மியர் தேவாலய வளாகத்தில். பக்கத்திலேயே பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஜிஞ்சர்பிரெட் கடை, 1854-இல் சாரா நெல்சன் என்பவர் செய்த பண்டம். கேக்கும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை, இஞ்சி சுள்ளென்று ஏறுகிறது. வரிசை தெரு வரை நிற்கும், நின்று வாங்குங்கள். சின்னப் பொட்டலமே போதும், நான் பெரியது வாங்கி பட்ஜெட்டைக் கிழித்தேன்.

டாஃபடில் வேண்டுமென்றால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். குடை வேண்டாம், காற்று பிடுங்கிக்கொள்ளும், மழைக்கோட்டு எடுங்கள். கடைசிப் பேருந்து நேரத்தை இறங்கியவுடனே நிறுத்தத்தில் பார்த்து வையுங்கள். தவறவிட்டால் டாக்சிதான், அதைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன்.