ஹிட் பாட்டு போடக்கூடாது

ஐடி கம்பெனில நைட் சப்போர்ட் பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த வேலையில பாதி நேரம் காத்திருக்கிறதுதான். பேட்ச் ஜாப்னு ராத்திரில தானா ஓடுற புரோகிராம் ஓடிட்டு இருக்கும், அது முடியாம அடுத்ததை ஸ்டார்ட் பண்ண முடியாது, பிரிட்ஜ் கால்னு எல்லாரும் சேந்திருக்கிற போன் கால்ல இங்கிலாந்துல இருந்து நாலஞ்சு பேர், நம்ம பக்கம் ஒரு டீம், எல்லாரும் மியூட்ல, லாக்ல ஒரு வரி நகருதான்னு பாத்துட்டே டீ ஆறிப்போயிரும். சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஆபீஸ்ல உக்காந்து நான் பல வருஷம் பாத்த வேலை இதுதான். அங்க கத்துக்கிட்ட டேட்டாபேஸ் வெர்ஷன்லாம் இப்ப எங்கயும் இல்ல, ஆனா அங்க கேட்ட பாட்டு இன்னும் கூடவே இருக்கு, அதைப் பத்தி எழுதலாம்னுதான் உக்காந்தேன்.

ஆரம்பிச்சு வெச்சது கிளையன்ட் பக்கம் இருந்த ஒரு டெஸ்ட் மேனேஜர், லீட்ஸ்காரர், ரிட்டையர் ஆகுற வயசு. புது வெர்ஷன் விடுற ஒரு ரிலீஸ் நைட்ல ஜாப் தொங்கிட்டு நிக்குது, மனுஷன் அன்மியூட் பண்ணி, முடியுற வரைக்கும் ஏதாவது பாட்டு கேக்கலாமான்னு கேட்டாரு. நம்ம பக்கத்துல இருந்து ஒருத்தன் உடனே 'ஹோட்டல் கலிஃபோர்னியா'ன்னான். வேற என்ன சொல்லுவான், காலேஜ் கல்சுரல்ஸ்ல கிடார் தூக்கினவன் எல்லாம் வாசிச்ச பாட்டு அது. லீட்ஸ்காரர் சிரிச்சுட்டு, அந்தப் பாட்டை இந்த ஜென்மத்துக்குப் போதுமான அளவு கேட்டாச்சு, அதே ஆல்பத்துல கடைசிப் பாட்டு கேட்டிருக்கியான்னாரு. யாரும் கேட்டதில்ல. அன்னிலிருந்து எங்க டீம் குரூப்ல ஒரு ரூல் வந்துச்சு: ஹிட் பாட்டு போடக்கூடாது, பெரிய ஆளோட பாட்டா இருக்கணும் ஆனா யாரும் அதிகம் கேக்காததா இருக்கணும், சும்மா லிங்க் மட்டும் போடக்கூடாது, எதுக்காக இதைக் கேக்கணும்னு ஒரு வரி எழுதணும்.

அந்த ஒரு வரிதான் விஷயமே. லிங்க் அனுப்புறது பெரிய வேலையா? இருபது லிங்க்கை மொத்தமா கொட்டினா ஒருத்தரும் திறக்க மாட்டாங்க.

நமக்கு ஏன் ஹிட்டு மட்டும் தெரியும்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள். நம்ம ஊருக்கு இங்கிலீஷ் பாட்டு வந்ததே பெரும்பாலும் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' கேசட்டாதான். அப்பா காலத்துல பாட்டு பதிஞ்சு தர்ற கடைக்கு லிஸ்ட் எழுதிக் கொடுப்பாங்க, அந்த லிஸ்ட்லயும் தெரிஞ்ச பாட்டுதான் இருக்கும், தெரியாத பாட்டை எப்படி எழுதுறது? இப்ப ஆப் வந்தும் அதே கதைதான், ஒரு பேண்ட் பேரை அடிச்சா மேல அஞ்சு பாட்டு காட்டும், எல்லாரும் கேட்ட அஞ்சு, அதனால இன்னும் எல்லாரும் அதையே கேப்பாங்க.

அந்தக் கடைசிப் பாட்டு 'த லாஸ்ட் ரிசார்ட்'. ஈகிள்ஸ்ங்கிற அமெரிக்க பேண்டோட 1976 ஆல்பம், ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடும், டான் ஹென்லி பாடுறது. கிழக்குக் கரையில இருந்து ஜனங்க மேற்குப் பக்கமா போய்க்கிட்டே இருக்காங்க, நல்ல இடமா ஒண்ணு பாத்து சொர்க்கம்னு பேர் வெக்கிறாங்க, அப்புறம் வீடு கட்டி அதையே நாசம் பண்றாங்க, கரை முடிஞ்சு கடல் வந்ததும் அதையும் தாண்டி ஹவாய் போறாங்க. நான் முதல் தடவை முழுசா கேட்டது விடியக்காலை ஆபீஸ் கேப் வண்டில. பள்ளிக்கரணை தாண்டுறப்ப பெருங்குடி குப்பைமேட்டு நாத்தம் கண்ணாடி ஏத்தியும் உள்ள வருது, ஒரு பக்கம் சதுப்புநிலத்துல மிச்சம் இருக்கிற தண்ணியில நாரைங்க நிக்குது, இன்னொரு பக்கம் எங்க ஆபீஸ் மாதிரியே கண்ணாடிக் கட்டடம் வரிசையா. அவங்க பாடினது அவங்க ஊரைப் பத்தி. எனக்கு வேற விளக்கம் எதுவும் தேவைப்படல.

அதுக்கப்புறம் குரூப்ல வந்ததுல எங்களை ரொம்ப நாள் பேச வெச்சது ஃப்ளீட்வுட் மேக் பேண்டோட 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்'. அந்த பேண்ட் பாடகி ஸ்டீவி நிக்ஸ் எழுதினது, அதே பேண்ட்ல கிடார் வாசிச்ச காதலன் லிண்ட்சி பக்கிங்ஹாமோட பிரிஞ்சதைப் பத்தி. 1977-ல வந்த 'ரூமர்ஸ்' ஆல்பத்துக்காக எழுதி ரெக்கார்டும் பண்ணியாச்சு, ஆனா ஆல்பத்துல இல்ல. பாட்டு நீளம். எல்பி ரெக்கார்டுல ஒரு பக்கத்துக்கு சுமாரா இருபது இருபத்திரெண்டு நிமிஷம்தான் தாங்கும், அதுக்கு மேல திணிச்சா பள்ளம் எல்லாம் நெருங்கி சத்தம் குறைஞ்சிரும். அதனால இதைத் தூக்கிட்டு அவங்களோடதே இன்னொரு சின்னப் பாட்டைப் போட்டாங்க. இது எங்க போச்சுன்னா 'கோ யுவர் ஓன் வே' சிங்கிளோட பின்பக்கத்துக்கு. சிங்கிள்னா பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற சின்ன ரெக்கார்டு. முன்பக்கத்துல அதே பிரிவைப் பத்தி பக்கிங்ஹாம் எழுதின பாட்டு, திருப்பிப் போட்டா இவங்க பதில்! சினிமாவுல வெச்சா ஓவர்னு சொல்லுவோம்.

இதைக் கேட்டுட்டு எங்க டீம்ல ஒருத்தர் "அப்ப இது ஸ்கோப்ல இருந்து தூக்கின ஐட்டம்"னாரு. அவர் மூணு மாசம் உக்காந்து எழுதின ஒரு மாட்யூலை, ரிலீஸ் சைஸ் பெருசாகுதுன்னு ஒரு மீட்டிங்ல தூக்கியிருந்தாங்க. நல்லா இல்லன்னு யாரும் சொல்லல, இடம் இல்லன்னாங்க, அவ்வளவுதான். ஸ்டீவி நிக்ஸுக்கு இருபது வருஷம் ஆச்சு. 1997-ல பேண்ட் மறுபடி சேந்து 'த டான்ஸ்'னு ஒரு லைவ் ஆல்பம் பண்ணினாங்க, அதுல இந்தப் பாட்டோட கடைசில அவங்க திரும்பி நேரா பக்கிங்ஹாமைப் பாத்து பாடுறதை வீடியோவுல பாக்கணும், அவரும் கண்ணை எடுக்காம கிடார் வாசிச்சிட்டு பாடிட்டு இருப்பாரு. அந்த லைவ் வெர்ஷன் கிராமி நாமினேஷன் வரைக்கும் போச்சு. நம்ம ஆள் மாட்யூல் எந்த ஃபோல்டர்ல இருக்கோ.

இப்படிக் கேக்க கேக்கத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு, இந்தப் பாட்டுங்க கவனிக்கப்படாம போனதுக்கு பாட்டு மட்டமா இருந்தது காரணமே இல்ல. பெரும்பாலும் ஆபீஸ் காரணம்தான். இடம் இல்ல, தேதி சரியில்ல, கம்பெனி தள்ளிவிடல. த கிங்க்ஸ்ங்கிற இங்கிலாந்து பேண்ட் 'வில்லேஜ் கிரீன் ப்ரிசர்வேஷன் சொசைட்டி'ன்னு ஒரு அருமையான ஆல்பம் போட்டாங்க, பிரிட்டன்ல அது ரிலீஸான அதே நாள்தான், 1968 நவம்பர் 22, பீட்டில்ஸோட வொயிட் ஆல்பமும் வந்துச்சு. தீபாவளிக்கு ரஜினி படத்தோட மோதுற சின்னப் படம் கதி. விற்பனை வரிசை சொல்ற சார்ட் பக்கமே வரல.

அதைவிட மோசம் த ஸாம்பீஸ். 1967-ல லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுல சின்ன பட்ஜெட்ல ஒரு ஆல்பம் முடிச்சாங்க, ஆல்பத்துக்கு முன்னாடி விட்ட சிங்கிள்ஸ் ஓடல, மனசு வெறுத்து அந்த வருஷக் கடைசிலயே பேண்டைக் கலைச்சிட்டாங்க. ஆல்பம் வந்ததே அதுக்கப்புறம்தான், அதுவும் அட்டைல ஆல்பம் பேரை ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோட போட்டு. 1969-ல அமெரிக்காவுல அதுல இருந்து 'டைம் ஆஃப் த சீசன்' பிச்சுக்கிட்டுப் போய் மூணாவது இடம் வந்துச்சு, மேடையேற பேண்டே இல்ல, வேற யாரோ பசங்க அதே பேரை வெச்சுக்கிட்டு ஊர் ஊரா டூர் போனாங்க. ப்ராஜெக்ட்டை மூடி ஆளுங்களை எல்லாம் வேற டீமுக்கு அனுப்பினப்புறம் அவார்டு வர்றதை நான் ஆபீஸ்ல கண்ணால பாத்திருக்கேன், வாங்க மேடையேறினவர் ஒரு வரி கோடு எழுதினவர் இல்ல. நான் சிபாரிசு பண்றது அந்த ஹிட்டை இல்ல, அப்ப ஓடாமப் போன ஒரு சிங்கிளை, 'கேர் ஆஃப் செல் ஃபார்ட்டி ஃபோர்'. குதூகலமா பியானோ, சூரியன் உதிச்ச மாதிரி ஹார்மனி, காதலிக்கு எழுதுற லெட்டர்னு நினைச்சுக் கேட்டுட்டே இருப்போம், கொஞ்ச நேரம் கழிச்சுதான் உறைக்கும், அந்தப் பொண்ணு ஜெயில்ல இருந்து வெளிய வரப்போறா.

எங்க டீம்ல ஒரு அண்ணாச்சி இருந்தாரு, திருநெல்வேலிக்காரர், ராஜா தவிர யாரையும் கேக்க மாட்டாரு. ராஜாவோடதுலயும் படம் ஓடாத பாட்டு, படத்துலயே வராத பாட்டு, இதெல்லாம் விரல் நுனியில வெச்சிருப்பாரு. அதனால இந்த விளையாட்டோட ருசி அவருக்கு எங்களைவிட நல்லாவே தெரியும், பாஷைதான் தடை. "எய்யா, எனக்கு இந்த டிஸ்டார்ஷன்லாம் ஆகாதுய்யா"ம்பாரு. அவருக்குன்னே ஒரு நாள் 'த இன்னர் லைட்' போட்டேன். பீட்டில்ஸ்னு சொல்லல. கேட்டுட்டு, ஷெனாய் கேக்குது, சரோட் கேக்குது, ஹார்மோனியமும் இருக்கு, எந்த ஊர் பதிவுன்னு கேட்டாரு. பம்பாய்னேன். 1968 ஜனவரில பீட்டில்ஸ்ல ஒருத்தரான ஜார்ஜ் ஹாரிசன் ஒரு படத்துக்கு இசையமைக்க பம்பாய் எச்எம்வி ஸ்டுடியோவுக்கு வந்தப்ப நம்ம இசைக்கலைஞர்களை வெச்சு பதிஞ்ச இசை அது, குரல் மட்டும் லண்டன் போய் சேத்தது, வரிங்க சீனாவோட பழைய ஞான நூல் தாவோ தே ஜிங்ல இருந்து எடுத்தது. வெளிவந்தது 'லேடி மடோனா' சிங்கிளோட பின்பக்கமா. அண்ணாச்சி ஹெட்செட்டைக் கழட்டாம இன்னொரு தடவை போடச் சொன்னாரு, பிரிட்ஜ்ல லீட்ஸ்காரர் ஜாப் ஸ்டேட்டஸ் கேட்டுட்டு இருக்காரு, இவர் கையைக் காட்டி இருய்யாங்கிறாரு.

பின்பக்கம்னதும் ஒரு கிளைக்கதை. சிங்கிள் ரெக்கார்டு வித்தா முன்பக்கப் பாட்டு எழுதினவருக்கு எவ்வளவு ராயல்டியோ அதே அளவு பின்பக்கப் பாட்டு எழுதினவருக்கும் உண்டு. குயின் பேண்டோட 'பொஹீமியன் ராப்சடி' பின்பக்கத்துல டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதின கார் பாட்டு ஒண்ணு இருந்துச்சு, அந்த சிங்கிள் எத்தனை லட்சம் வித்துச்சோ அத்தனைக்கும் அவருக்கும் காசு, பேண்டுக்குள்ள இதுல மனஸ்தாபம்னே சொல்லுவாங்க. எல்லா டீம்லயும் இப்படி ஒருத்தருக்கு யோகம் அடிக்கும்.

'பொஹீமியன் ராப்சடி' இருக்கிற ஆல்பத்துலயே, 1975, குயின் கிடாரிஸ்ட் பிரையன் மே எழுதி அவரே பாடின 'தர்ட்டி நைன்' இருக்கு. கேட்டா ஏதோ பழைய நாட்டுப்பாட்டு மாதிரி கிடாரைத் தட்டிக்கிட்டு ஜாலியா போகும். கதை என்னன்னா, புது உலகம் தேடி கொஞ்சம் பேர் விண்வெளிக் கப்பல்ல போறாங்க, அவங்களுக்கு ஒரு வருஷம்தான் ஆகுது, திரும்பி வந்தா பூமியில நூறு வருஷம் போயிருக்கு, விட்டுட்டுப் போன மனைவி இல்ல, மகள் கண்ணுல இவரு மனைவியைப் பாக்கிறாரு. ரொம்ப வேகமா போறவங்களுக்கு நேரம் மெதுவா ஓடும்னு ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கு. மே சும்மா எழுதல, வானியற்பியல்ல பிஎச்டி பண்ணிட்டு இருந்தவரு, பேண்டுக்காக பாதில விட்டு 2007-லதான் முடிச்சாரு. இதை நான் அனுப்பினது ஆன்சைட்ல, அதாவது கிளையன்ட் ஊர்ல இருந்த நண்பனுக்கு. ஆறு மாசம்னு சொல்லிப் போனவன், விசா நீட்டிச்சு நீட்டிச்சு வருஷக்கணக்காச்சு, ஊருக்கு வந்தப்ப அவன் பொண்ணு அவனைப் பாத்து யாரோன்னு பாட்டி பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிச்சு. பாட்டுக்கு அவன் குரூப்ல பதில் போடல, தனியா ஒரு மெசேஜ் போட்டான்: "ஏன்டா இதை அனுப்பின." அப்புறம் அவனோட ரிங்டோனே அதுதான்.

எனக்குன்னு ஒண்ணு சொல்லணும்னா ஆப்பா. ஆமா, கல்யாண ரிசப்ஷன்ல போடுற அதே ஆப்பாதான். அவங்க 1982-ல, பிரியுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரெக்கார்ட் பண்ணின பாட்டு 'த டே பிஃபோர் யூ கேம்'. பிரிட்டன்ல 32-வது இடத்தோட நின்னுருச்சு. கிட்டத்தட்ட ஆறு நிமிஷம், பல்லவின்னு பாடிக்கிற மாதிரி எதுவும் கிடையாது. ஒரு பொண்ணு தன்னோட ஒரு நாளைச் சொல்லுது, அவ்வளவுதான். எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பேன், ரயில்ல பேப்பர் படிச்சிருப்பேன், ஒன்பதே காலுக்கு சீட்ல இருந்திருப்பேன், படிக்க வேண்டிய லெட்டர், கையெழுத்து போட வேண்டிய பேப்பர், பன்னெண்டரைக்கு சாப்பாடு, அஞ்சு மணிக்குத் திரும்ப ரயில், சைனீஸ் சாப்பாடு, டிவில ஒரு சீரியல், பத்தே காலுக்குப் படுக்கை. ஆப்பா பாடகி அக்னேதா குரல்ல அலட்டலே இல்லாம, ஏதோ வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி. எதையும் உறுதியா சொல்ல மாட்டா, எல்லாமே 'அப்படித்தான் இருந்திருக்கும்'. பின்னாடி சிந்தசைசர் மேகம் மாதிரி இறங்கிட்டே இருக்கும், மேல இன்னொரு பாடகி ஃப்ரிடா குரல் வார்த்தை இல்லாம எங்கயோ தூரத்துல.

இதைப் போட்டப்ப எங்க டீம்ல புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு, "அண்ணா, இது ஷிப்ட் ஹேண்டோவர் மெயில் மாதிரியே இருக்கு"ன்னுச்சு. ஷிப்ட் முடிச்சுப் போறவங்க எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதி அனுப்புற மெயில் அது. எல்லாரும் சிரிச்சோம், ஆனா சரியாத்தான் சொல்லுச்சு. சிஸ்டம் விழுந்த மறுநாள் ஆர்சிஏ, அதாவது ஏன் விழுந்துச்சுங்கிற ரிப்போர்ட் எழுத ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கிறப்ப இதே குரல்தான் வரும், ரெண்டேகாலுக்கு அலர்ட் பாத்திருப்பேன், ரெண்டரைக்கு டீக்கு எந்திரிச்சிருப்பேன், எப்பவும் போலத்தான் இருந்துச்சு. ஏதோ நடக்கப்போகுதுன்னு தெரியாத நாளை யாரு ஞாபகம் வெச்சுப்பா? பாட்டுல வர்ற அந்த 'நீ' யாரு, காதலனா, வேற ஏதாவதா, பாட்டு சொல்லவே சொல்லாது. காதலன்னா இசை ஏன் இப்படி பயமுறுத்துதுன்னு குரூப்ல பெரிய சண்டை. என் கட்சி, வந்தவன் நல்லவன் இல்ல.

லீட்ஸ்காரரோட கடைசி நாள்ல அவருக்கு நாங்க போட்டது சைமன் அண்ட் கார்ஃபன்கல், 'த ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்', 1970. கூடப் பாடுற நண்பன் படத்துல நடிக்க மெக்சிகோ போயிட்டான், பால் சைமனுக்கும் அதே படத்துல ஒரு வேஷம் இருந்து வெட்டிட்டாங்க, தனியா நியூயார்க்ல உக்காந்து எழுதினது. கோவப்பட்டிருக்கலாம், ஆனா ஃப்ளைட்டை நேரத்துக்குப் பிடி, நல்லா நடினு வாழ்த்தி அனுப்புறாரு. அதுல டாம்னு கூப்பிடுறது யாருன்னு லீட்ஸ்காரர் எங்களை சோதிச்சாரு, அண்ணாச்சி பட்டுனு, ஸ்கூல் வயசுல அவங்க ரெண்டு பேரும் டாம் அண்ட் ஜெரின்னு பேர் வெச்சுப் பாடினாங்க, அந்த டாம் கார்ஃபன்கல்னு சொன்னாரு. எங்க இருந்துய்யா படிச்சாருன்னு எங்களுக்கே ஆச்சரியம்.

ப்ராஜெக்ட் முடிஞ்சு ஆளுக்கொரு கம்பெனி போயாச்சு, குரூப் மட்டும் நடக்குது. இப்ப ஓடுற பஞ்சாயத்து, 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்' இன்னும் லிஸ்ட்ல இருக்கலாமாங்கிறது. புதுப் பசங்க ரீல்ஸ்ல எல்லாம் அந்த லைவ் வீடியோவைப் போட்டு அது இப்ப ஊரறிஞ்ச பாட்டாயிருச்சு, ரூல்படி தூக்கணும்னு ஒரு கட்சி. மறுபடியும் அதையே தூக்குறதான்னு, மாட்யூலைப் பறிகொடுத்தவர் ஒத்தை ஆளா எதிர்த்து நிக்கிறாரு. அண்ணாச்சி நடுவர், தீர்ப்பு சொல்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்காரு.