பிடியரிசி

உலை வைக்கும் முன் எங்கள் அம்மா செய்யும் ஒரு காரியத்தை நினைவு தெரிந்த நாள் முதல் பார்த்து வருகிறேன். ஆழாக்கால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் எவர்சில்வர் தூக்கில் போடுவார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்க்குள் ஒரு சொல், அவ்வளவுதான். மாதக் கடைசி ஞாயிறன்று அந்தத் தூக்கு கோயிலுக்குப் போகும். பெண்கள் சங்கத்தார் எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் சேர்த்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் ஊழியத்துக்கும், சபையில் ஆதரவில்லாத முதியவர்களுக்கும் போய்ச் சேரும். பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்து கிடக்கும் அந்த அரிசியைச் சோறாக்கினால் ஒரு பாதி குழைந்துவிடும், மறுபாதி விதையாகவே நிற்கும். ஆனாலும் அதை எடுப்பதற்கு ஒவ்வொரு மாதமும் போட்டி இருந்தது.

அரிசியை அளந்த பிறகுதான் பிடி எடுக்க வேண்டும் என்பது எங்கள் அப்பாயி வகுத்த ஒழுங்கு. சாக்கிலிருந்து நேராக எடுத்துப் போட்டால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் குறையாது. வீட்டில் இத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்று கணக்குப் பார்த்து அளந்ததிலிருந்து எடுத்தால் யாராவது ஒருவருடைய தட்டில் ஒரு கவளம் குறைந்தே தீரும். பெரும்பாலும் அது அம்மாவின் தட்டாகவே இருந்தது என்பதை நான் திருமணமாகிச் சொந்தமாக உலை வைக்கத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன்.

எங்கள் ஊர் தரங்கம்பாடி வட்டத்தில், காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வரச் சில நாட்கள் ஆகும். அங்கிருந்து ஆறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று பிரிந்து எங்கள் வயலின் மடைக்கு வருவதற்குள் மேலே இருப்பவர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். "மேட்டூர்ல தொறந்தாச்சாம்" என்று செய்தி கேட்ட அன்றே அப்பா மண்வெட்டியோடு போய், காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் புல் செதுக்கி, வரப்பை அணைத்துவிட்டு வருவார். தண்ணீரை அவர் இன்னும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். விசுவாசம் என்ற சொல்லுக்கு ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த விளக்கங்களைவிட அப்பாவின் அந்த மண்வெட்டியே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மயிலாடுதுறைக்குக் குடிவந்த பிறகு பிடியரிசியை நான் விட்டுவிட்டேன். 25 கிலோ மூட்டையாக அரிசி வாங்குகிறோம், குக்கரில் வைக்கிறோம், காணிக்கையைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடுகிறோம். இனி தூக்கு எதற்கு என்று தோன்றியது. பணமாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மாதம் ஒருமுறை பணம் அனுப்பிய எனக்கு, நன்றி சொல்வதும் மாதம் ஒருமுறை வேலையாகிப் போனது.

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என் கணவர் வேலை பார்த்த நிறுவனம் நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலேயே மூடப்பட்டது. அவர் கேட்டுப் போகும்போதெல்லாம் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த நாட்களில் யாராவது என்னிடம் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தின் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டே, எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று கர்த்தரிடம் நேரடியாகவே கேட்டேன். பதில் எதுவும் கேட்கவில்லை.

நவம்பரில் மழை வந்தது. சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டிய அந்தப் பெருமழையில் எங்கள் பக்கத்துச் சம்பாப் பயிரெல்லாம் மூழ்கியது. பேருந்து ஓடத் தொடங்கிய அன்றே ஊருக்குப் போனேன். அப்பாவின் மூன்று ஏக்கரில் பயிர் இருந்த அடையாளமே தெரியவில்லை. பழுப்பு நிறத் தண்ணீருக்கு மேலே வரப்பு ஓரத்துக் கருவேலமரம் மட்டும் நின்றது. அப்பா மடைக்கருகில் குனிந்து ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். வேர் கறுத்து, தண்டு விரலில் வழுவழுவென்று நசுங்கியது. அழுகல் வாடை கையை விட்டுப் போக நேரமாயிற்று.

அன்று இரவு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அம்மா மூன்று ஆழாக்கு அரிசியை அளந்து முறத்தில் கொட்டினார். பிறகு வழக்கம் போலவே கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். இன்றைக்காவது பிடி சிறியதாக இருக்கும் என்று எதிர்பார்த்து நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களுக்கு வெளியே அரிசி பிதுங்கும் அளவுக்கு அதே பழைய பிடி. என்னால் தாங்க முடியாமல், "வயலே போயிருச்சு, இதுக்கு மேல என்னம்மா ஸ்தோத்திரம்?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா தூக்கை மூடிவிட்டுச் சொன்னார்: "வயலு போனதுக்கா சொல்றேன்? இன்னைக்கு உலை வெக்கிறோம்ல, அதுக்குச் சொல்றேன்."

அதே மாதம் அரசு எங்கள் வட்டத்துக் குடும்ப அட்டைகளுக்கு 1,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அது கைக்கு வந்ததும் அம்மா பத்தில் ஒரு பங்கான 100 ரூபாயைத் தசமபாகமாகக் காணிக்கை உறையில் போட்டார். அந்த 100 ரூபாயில் ஒரு வாரத்துக் காய்கறி வாங்கியிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். இன்றும் அதை எல்லாருக்கும் நியமமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த உறையை ஒட்டும்போது அம்மாவின் முகத்தில் பயம் இல்லை, என் முகத்தில் இருந்தது.

மயிலாடுதுறைக்குத் திரும்பும் வழியில் தரங்கம்பாடியில் இறங்கி, 1718இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சற்று நேரம் உட்கார்ந்தேன். 1706 ஜூலை 9ஆம் தேதி அவர் இந்தக் கரையில் இறங்கினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே அப்போது இந்த ஊரை ஆண்ட டேனிய ஆளுநர் அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தார். விடுதலையான பின் அந்த வேலையை 1711இல் முடித்தார்; 1715இல் அது இந்த ஊரிலேயே முழுமையாக அச்சாகி வெளிவந்தது. நான் கோபப்பட்ட அந்தத் தெசலோனிக்கேயர் வசனம் தமிழில் முதன்முதலாக அச்சேறியது என் பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில், சிறையிலிருந்து வந்த ஒருவருடைய உழைப்பால் என்பது அதுவரை எனக்கு வெறும் ஞாயிறு பள்ளிப் பாடமாகவே இருந்தது. வேதாகமத்தைத் திறந்து மீண்டும் படித்தபோது "எல்லாவற்றிலேயும்" என்ற சொல் முதன்முறையாகக் கண்ணில் பட்டது. அழுகிய பயிருக்காக நன்றி சொல்லும்படி அந்த வசனம் என்னைக் கேட்கவில்லை; அழுகிய பயிரின் நடுவில் நின்றுகொண்டும் சொல்லக் கேட்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் "எல்லாவற்றிற்காகவும்" என்றே இருக்கிறது என்பதையும் அறிவேன். அந்த இடத்துக்கு நான் இன்னும் போய்ச் சேரவில்லை. அதைப் படிக்கும்போது, எனக்கு அதையும் கற்றுத் தாரும் என்று மட்டும் ஜெபிக்கிறேன்.

மறுநாள் காலை வீட்டில் ஒரு பழைய டப்பாவைக் கழுவிக் காயவைத்தேன். முதல் சில வாரங்கள் மனதில் எந்த நன்றியும் இல்லாமல், கை மட்டுமே அள்ளிப் போட்டது. எப்போது அது மாறியது என்று என்னால் ஒரு நாளைக் குறிப்பிட முடியவில்லை. விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைப்பதாக இயேசு சொன்ன உவமையைக் கேட்கும்போது இப்போது அந்த டப்பாதான் நினைவுக்கு வருகிறது. அள்ளும்போது எனக்குத் தெரியாமலேயே பெயர்கள் வாயில் வரத் தொடங்கியிருந்தன: நாற்று மிஞ்சியபோது காசு வாங்காமல் அப்பாவுக்குக் கொடுத்த பக்கத்து வயல்காரர், பள்ளிக் கட்டணத்துக்கு இரண்டு மாதம் பொறுத்த தலைமையாசிரியை, கேட்காமலேயே பால் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டு அக்கா. இவர்கள் எல்லாரும் அந்தக் கடினமான மாதங்களில் என் கண் முன்னேதான் இருந்தார்கள். நான்தான் அவர்களை எண்ணியிருக்கவில்லை.

கணவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில். பழைய பாக்கி இன்றுவரை வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பிடி வீதம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சேர்கிறது. போன ஞாயிறு அதைக் கொண்டுபோய்ச் சாக்கில் கொட்டினேன். அன்று ஏலத்தில் அரிசியை எடுத்தவர், சபையில் தனியாக வசிக்கும் ஒரு பாட்டியின் வீட்டு வாசலில் அதை அப்படியே இறக்கிவிட்டுப் போனாராம்.