மாமாவின் கூத்தும் ஐந்து ஆர்டபிள்யூ டிஸ்க்கும்

2024 ஜூன் 2, ஞாயிறு

வைகாசிச் சடங்குக்கு சுவிஸிலிருந்து வந்த மச்சான் போகும்போது ஒரு பென் டிரைவைக் கையில் திணித்துவிட்டுப் போனான். 2003 இல் ஆரையம்பதியில் மாமா மத்தளம் அடித்த வடமோடிக் கூத்து அதில் இருக்கிறது. இங்கே வீட்டிலிருந்த கேசட் 2004 டிசம்பர் 26 இல் கடலோடு போனது. அவன் கொண்டுபோன கொப்பி மட்டும் இவ்வளவு காலமும் அங்கே ஓர் அலுமாரியில் கிடந்திருக்கிறது. விடிய விடிய நடந்த கூத்தில் எஞ்சியது 2 மணி 40 நிமிடம்.

மாமாவுக்கு போனில் போட்டுக் காட்டினேன். "எறும்பு ஆடுற மாதிரி இருக்கு மருமகன். டிவிடில அடிச்சுத் தா" என்றார். அவர் வீட்டில் இருப்பது பழைய பெட்டி டிவியும் அதைவிடப் பழைய டிவிடி பிளேயரும். யுஎஸ்பி குத்த இடமே கிடையாது.

வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த காலத்தில் வாங்கிய ஐந்து டிவிடி-ஆர்டபிள்யூ மேசை லாச்சியில் கிடந்தன. அழித்து அழித்து ஆயிரம் தடவை எழுதலாம் என்று சொல்லித்தான் அப்போது விற்றார்கள். பிழை வந்தாலும் நட்டமில்லை, இதிலேயே அடிப்போம் என்று எடுத்தேன்.

கோப்பு இரண்டு துண்டாக இருந்தது. மொத்தம் 6.2 ஜிபி. பென் டிரைவ் ஃபாட்32 என்பதால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது, அதனால் மச்சான் நடுவில் வெட்டியிருக்கிறான். அது எனக்கும் வசதி. டிஸ்க் உறையில் 4.7 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 4.37 தான். கம்பனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது.

டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் கேட்டது: பிளாஷ் டிரைவ் போலப் பாவிக்கவா, சிடி/டிவிடி பிளேயருக்கா? முதலாவது லேசாகத் தெரிந்தது. முதல் துண்டை இழுத்துப் போட்டேன். லப்டொப்பில் அழகாக ஓடியது. பின்னேரமே ஆரையம்பதிக்குக் கொண்டு போனேன்.

"நோ டிஸ்க்."

2024 ஜூன் 3, திங்கள்

நேற்றுச் செய்தது முழுப் பிழை, அதுவும் இரண்டு பிழை. பிளாஷ் டிரைவ் போல என்று கொடுத்தால் விண்டோஸ் டிஸ்க்கை, கோப்புகளை அடுக்கும் யுடிஎஃப் என்ற முறையின் புதிய பதிப்பில் ஃபோர்மட் பண்ணும். டிவிடி வீடியோவுக்கு என்று வகுத்தது யுடிஎஃப் 1.02. அந்தக் காலத்துப் பிளேயருக்கு மற்றது புரியாது. சரி, புரிந்தாலும் உள்ளே கிடந்தது எம்பி4. அந்தப் பெட்டி கேட்பது எம்பெக்-2 வீடியோவும், அதை ஒரு கிலோபைட்டும் பிசகாமல் அடுக்கிவைத்த வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரும். படக்கோப்பை அப்படியே கொப்பி பண்ணினால் டிவிடி ஆகிவிடும் என்று நினைப்பவர் இன்னும் நிறையப் பேர். நேற்றுவரை நானும்தான்.

படக்கோப்பை டிவிடி ஆக்கும் டிவிடிஸ்டைலர் இறக்கினேன், இலவசம். அதில் டிவி முறை என்டிஎஸ்சி என்று நின்றதை பால் (PAL) ஆக மாற்றினேன். இலங்கையில் பால்தான், கேசட்டும் செக்கனுக்கு 25 படம். வீடியோவுக்கு 6500 கிலோபிட், ஒலிக்கு 192. 80 நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 ஜிபி வரும். இரண்டு துண்டையும் ஒரே டிஸ்க்கில் அமுக்கினால் 3700 க்கு இறங்க வேண்டும். கூத்தாடும் களரியில் புழுதி, ஆட்டம், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம். அந்த அளவில் முகமெல்லாம் சதுரம் சதுரமாய் உடையும். துண்டுக்கொரு டிஸ்க் என்றே முடிவெடுத்தேன்.

மாற்றுகிற வேலையை ஓடவிட்டுப் படுத்தேன். கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. லப்டொப் விசிறி என்னைவிட மோசமாக மூச்சு வாங்கியது.

2024 ஜூன் 5, புதன்

டிஸ்க்கைக் குவிக் இரேஸ் பண்ணினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிஸ்க் எழுதும் மென்பொருளான இம்க்பேர்னில் போட்டு ரைட் கொடுத்தால் தொடங்கும் இடத்திலேயே நின்றது: பவர் கலிபிரேஷன் எரர்.

எழுதத் தொடங்குமுன் டிரைவ் டிஸ்க்கின் உள் ஓரத்தில் லேசரை அடித்துப் பார்த்து, எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கெடுக்கும். அதில்தான் தவறியிருக்கிறது. டிஸ்க் பழுது என்று நினைத்து இரண்டாவதைப் போட்டேன். அதே பிழை. மூன்றாவதும் அப்படியே. மூன்று டிஸ்க் ஒரே நாளில் சாகாது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

டிரைவின் வயரைப் பார்த்தேன். அது இரட்டை வால் வயர், இரண்டு யுஎஸ்பி முனை. இந்தத் தடவை ஒன்றைத்தான் குத்தியிருக்கிறேன், அதுவும் மவுசும் கீபோர்டும் தொங்கும் ஒரு ஹப்பில். யுஎஸ்பி 2 ஓட்டை ஒன்று தருவது 500 மில்லிஅம்பியர். படிக்க அது போதும், எழுதும்போது லேசருக்கு அது காணாது. இரண்டு வாலையும் லப்டொப்பிலேயே நேராகக் குத்தினேன். முதல் டிஸ்க்கே எழுதியது. நாலு மடங்கு வேகத்தில் 12 நிமிடம், எழுதியதைச் சரிபார்க்கும் வெரிஃபையும் பச்சை.

2024 ஜூன் 8, சனி

கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி நெரிசலுக்குள் நுழைந்து, சொப்பிங் பேக்கில் டிஸ்க்கோடு மறுபடியும் ஆரையம்பதி. மாமி தேத்தண்ணி போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட வந்து பாயில் இருந்தார்கள்.

பிளேயர் டிஸ்க்கை விழுங்கியது. டிக், டிக், டிக். சுற்றியது, நின்றது, மறுகா சுற்றியது.

"நோ டிஸ்க்."

"என்ன மருமகன், இதுக்குள்ள கூத்து இருக்கா, இல்லயா?" என்று மாமா டிஸ்க்கை வெளியே எடுத்து அப்பளம் பிடிக்கிற மாதிரி முழுக்கையால் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பார்த்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பிப் போனார்கள்.

அடுத்த வீட்டுப் பிளேயரில் அதே டிஸ்க் ஓடியது. மாமா வீட்டுப் பிளேயரில் கடையில் வாங்கிய படம் ஒன்று ஓடியது. ஆக டிஸ்க்கிலும் குற்றமில்லை, பிளேயரும் சாகவில்லை, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. இரவு அதைத்தான் தேடிப் படித்தேன்.

கம்பனியில் அச்சடித்து வரும் டிவிடி லேசர் ஒளியில் 45 முதல் 85 வீதம் வரை திருப்பி அனுப்பும். ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆரும் அப்படித்தான். ஆர்டபிள்யூவில் இருப்பது சாயம் அல்ல, சூட்டில் நிலை மாறும் உலோகக் கலவை. அது திருப்பி அனுப்புவது 18 முதல் 30 வீதம். தகவலை இரண்டு அடுக்காக வைக்கும் டிஸ்க்கின் அளவும் ஏறக்குறைய அதே என்பதால் சில பழைய பிளேயர்கள் ஆர்டபிள்யூவைக் கண்டதும் இரண்டு அடுக்கு என்று நினைத்து இல்லாத அடுக்கைத் தேடும். அந்த டிக் டிக் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு வகையான பிளஸ் ஆர்டபிள்யூ (டிவிடி+ஆர்டபிள்யூ) என்றால் சில டிரைவில் 'நான் சாதாரண டிவிடி' என்று டிஸ்க்கில் பொய் எழுதிவைக்கலாம். என்னிடம் இருப்பது மைனஸ், அதற்குப் பொய் சொல்ல வராது.

ஏற்கெனவே மங்கலாகத் திரும்பும் வெளிச்சம், லென்ஸிலும் தூசி இருந்தால் கேட்கவா வேண்டும்?

2024 ஜூன் 9, ஞாயிறு

பிளேயரின் பிளக்கைக் கழற்றிவிட்டு மேல் மூடியைத் திறந்தேன். பின்பக்க மூலையில் இரண்டு பல்லி முட்டை, ஒன்று உடைந்த கோது. டிரே ஓடும் பாதையில் மண்ணிறத்தில் ஒட்டிக்கிடந்தது தூசியா உப்பா தெரியவில்லை. கடலுக்குக் கிட்டிய வீடு. லென்ஸ் ஒரு உழுந்து அளவு, அதன் மேல் மெல்லிய படலம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பில் அல்ககோல் ஒரு சொட்டு, அழுத்தாமல் இரண்டு தரம். பஞ்சு கறுத்தே போனது. மாமா என் தலைக்கு மேலே டோர்ச் பிடித்துக்கொண்டு, "மத்தளத்துக்கு வார் இழுக்கிறதும் இப்பிடித்தான், அவசரப்பட்டா போச்சு" என்றார்.

மூடி பூட்டாமலே போட்டுப் பார்த்தோம். டிக். சுற்றியது. கட்டியகாரன் வந்துவிட்டான்!

மாமா ஒன்றும் பேசவில்லை. விரல் மட்டும் கதிரைக் கையில் தாளம் போட்டது. 1 மணி 5 நிமிடத்தில் படம் உறைந்தது.

டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதுகிறது, பிந்திய காட்சிகள் வெளி ஓரத்தில் இருக்கும். டிஸ்க்கைத் திருப்பினால் வெளி ஓரம் முழுக்க மாமாவின் கைரேகை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிறகு பிளேயர் வாசிப்புப் பிழையைத் திருத்தும் கணக்கும் உதவாது. அப்படியும் 1 மணி 12 இல் ஒரு தடவை விக்கியது.

2024 ஜூன் 11, செவ்வாய்

ஃபுல் இரேஸ் பண்ணி, இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தேன். 24 நிமிடம். இரண்டாவது துண்டும் அப்படியே. இரண்டும் வெரிஃபை சரி. லப்டொப் சொல்வதை நான் இப்போது கணக்கில் எடுப்பதில்லை.

2024 ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா லீவு. இரண்டு டிஸ்க்கும் மாமா வீட்டுப் பிளேயரில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடின. நடுவில் மாமி வந்து, களரியைச் சுற்றி இருந்த சனத்துக்குள் தன் அம்மாவைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தை நான்கு தரம் திருப்பிப் போட்டோம்.

பெருமையில் வாய் சும்மா இருக்கவில்லை. "இது ஆர்டபிள்யூ மாமா, வேண்டாமெண்டா அழிச்சுப்போட்டு வேற படம் அடிக்கலாம்" என்றேன்.

மாமா பிளேயரை நிற்பாட்டினார். "அழிக்கக்கூடிய சாமானிலயா இத வச்சிருக்க?"

2024 ஜூன் 22, சனி

டவுனில் ஐந்தாவது கடையில் மூன்று டிவிடி-ஆர் கிடைத்தது, போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து தூசி தட்டித் தந்தார்கள். இதில் எழுதினால் எழுதியதுதான், அழிக்க வழியில்லை. பிளேயர் டிக் என்றுகூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டது. மூன்றாவதிலும் முதல் துண்டை அடித்தேன், மாமியின் அம்மா அதில்தான் வருகிறார்.

மாமா போல்பொயின்ட் பேனாவை எடுத்து மேலே பெயர் எழுதப் போனார். சிடி என்றால் மேல்பக்கம் வெறும் பூச்சு, கீறினால் அவ்வளவுதான். டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே இருக்கிறது, அவ்வளவு லேசில் போகாது. ஆனாலும் பேனாவை வாங்கி மார்க்கரைக் கொடுத்தேன். கூத்தின் பெயர், வருடம், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் பெயர், பிறகு ஆடியவர்கள் என்று எழுதிக்கொண்டே போனார். வட்டம் நிறைந்தும் மூன்று பேர் மிச்சம். மற்ற டிஸ்க்கை இங்கே தா என்று கை நீட்டினார்.