கட்டி இல்லாத நீர்க்கட்டி

ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று பலரும் சொல்லும் ஹார்மோன் கோளாறு) பற்றிப் பேசும்போது நான் முதலில் திருத்துவது 'நீர்க்கட்டி' என்ற சொல்லைத்தான். சினைப்பையில் இருப்பவை கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள். இதை எனக்குப் பதினாறு வயதில் யாரும் சொல்லவில்லை. வெட்டி எடுப்பார்களோ என்று பல இரவுகள் அழுதேன்.

வயதுக்கு வந்த முதல் வருடம் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அடுத்த இரண்டு வருடங்களில் 45 நாளைத் தாண்டிக்கொண்டே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்புறம், வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக் கூடாது. அதுவரை நலமான பெண்களுக்கும் சினைப்பையில் இப்படி முட்டைப் பைகள் நிறையத் தெரியலாம்.

நேற்று ஒரு பெண் தாடையை மறைத்துக்கொண்டே, "மிஸ், இந்த முடி என் தப்பா?" என்று கேட்டாள். "இல்லைம்மா, பிசிஓஎஸ்ஸில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடினால் இப்படி வளரும்" என்றேன். மெல்லக் கையை எடுத்தாள்.