கண்ணாடியக் கழட்டுனா ரெடி

ஜனவரி 27, செவ்வாய்

இன்ஸ்டால ஒரு பையன் மெசேஜ் பண்ணிருந்தான், விழுப்புரம் பக்கம். "அண்ணா பாண்டி பீச்ல ப்ரபோஸ் பண்ணப் போறேன், அவளுக்குத் தெரியாம மறைஞ்சு நின்னு ஃபோட்டோ எடுத்துத் தரணும்." சரி லவ் மேட்டர் போலன்னு போன் போட்டா, கல்யாணம் ஏற்கனவே பேசி முடிச்சாச்சாம், பூ வச்சாச்சு, வைகாசில முகூர்த்தம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கூட குடுத்தாச்சு. அப்புறம் எதுக்குடா முட்டி போட்டு என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்குறேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன், பொழப்பு. பத்து வருஷமா கல்யாணம் எடுக்குறேன், இந்த முட்டி போடுற கூத்தெல்லாம் இப்ப கொஞ்ச வருஷமாத்தான், எங்கிட்ட வர்றதுல பாதி வீட்ல பாத்து முடிச்ச ஜோடிதான். ரீல்ஸ் போடணும்ல.

ஜனவரி 31, சனி

நாளைக்கு தைப்பூசம், அதுக்குள்ள இடம் பாத்துடலாம்னு விடியகாலை அஞ்சரைக்கே பீச் ரோட்டுக்குப் போயிட்டேன். பையன் முதல்ல சன்செட்தான் கேட்டான். தம்பி நம்ம கடல் கிழக்குல இருக்கு, சூரியன் கடல்ல உதிக்கும், சாயங்காலம் பில்டிங்குக்குப் பின்னாடி போய் விழும், உனக்கு கேபிள் ஒயர்தான் பேக்ரவுண்டுன்னு சொல்லிப் புரிய வச்சேன். காலைலன்னா ஏழரை வரைக்கும் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, அதுவும் லாபம்.

காந்தி சிலைகிட்ட வேணாம்னு விட்டுட்டேன். செஞ்சிலேருந்து கொண்டாந்த அந்தக் கல்தூண்லாம் அழகுதான், 1836 லைட் ஹவுஸும் எதிர்லயே நிக்குது, ஆனா வாக்கிங் கும்பல் பத்தாதுன்னு வரிசையா ப்ரீ வெட்டிங் ஷூட் வேற. தெற்கால டூப்ளே சிலை பக்கம் கொஞ்சம் காலி.

இதுல இருக்குற கஷ்டமே என்னன்னா, அவ மூஞ்சி எனக்குத் தெரியணும்னா அவ கண்ணுக்கு நானும் தெரிவேன். மரத்துக்குப் பின்னாடி ஒளியிறதெல்லாம் சும்மா பேச்சு, இங்க இருக்குறது கருங்கல்லும் கடலும்தான். அதனால ஒளியவே வேணாம், வேற யாரையோ எடுக்குற மாதிரி நடுவுலயே நிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். இந்த ஊர்ல காலைல கேமராவோட நிக்கிறவன எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்.

க்ளிக் சத்தம் வராம இருக்க சைலன்ட் ஷட்டர் போட்டுப் பாத்தேன், தெரு லைட்டு எரியுற வரைக்கும் படத்துல வரிவரியா விழுது, அணைஞ்சப்புறம் பிரச்சனை இல்ல. லைட்டு அணைஞ்சப்புறம்தான் வரணும்னு பையன்கிட்ட சொல்லியாச்சு.

பிப்ரவரி 7, சனி

வேற யாரையோ எடுக்கணும்னா அந்த யாரோ வேணும்ல, அக்காவக் கேட்டேன். "காலைல ஆறு மணிக்கு பீச்ல நின்னு நான் போஸ் குடுக்கணுமா, யாருக்குடா, எதுக்குடா"ன்னு அரை மணி நேரம் விசாரணை. கடைசில ஒரு சேலைக்கு ஒத்துக்கிச்சு. பட்டு இல்லன்னு சொல்லிட்டேன்.

பையன் ப்ளான் இதான்: சித்தியோட மூணு பேரா மணக்குள விநாயகர் கோயில், சித்தி கால் வலிக்குதுன்னு அங்கயே உக்காந்துக்குவாங்க, இதுங்க ரெண்டும் பீச்சுக்கு நடந்து வரும். (கோயில் யானை லட்சுமி இருந்திருந்தா அந்தப் பொண்ண அதுகிட்டேருந்து கெளப்பவே முடிஞ்சிருக்காது. 2022 நவம்பர்ல லட்சுமி போனதுலேருந்து கோயில் வாசல் ஒரு மாதிரி வெறிச்சுன்னுதான் இருக்கு.) அவன் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சா ரெடின்னு அர்த்தம். என் பக்கம் இருக்குற முட்டியத்தான் கீழ போடணும், இல்லன்னா தூக்குன முட்டி மோதிரத்த மறைச்சிடும்னு நாலு தடவ சொல்லிட்டேன்.

கேமராவ ஏசி ரூம்லேருந்து எடுத்து வராண்டால வச்சிட்டுப் படுக்குறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஏசிலேருந்து நேரா கடல் காத்துக்கு எடுத்துட்டுப் போயி லென்ஸ் பூரா ஆவி படிஞ்சு, துடைக்கத் துடைக்கத் திரும்பப் படிஞ்சு, ஒரு மாலை மாத்துறதே போச்சு. மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அந்தப் பய டென்ஷன்ல மூணு தடவ கண்ணாடியக் கழட்டிட்டான். மூணு தடவயும் நான் அக்காவ விட்டுட்டு 70-200 லென்ஸ அந்தப் பக்கம் திருப்ப, அக்கா "என்ன எடுக்குறியா இல்லையா"ன்னு சத்தமா கேக்க, அந்தப் பொண்ணு வேற எங்களயே பாத்துச்சு. சரியா நான் சொன்ன இடத்துல ஒரு ப்ரீ வெட்டிங் டீம் பத்து மீட்டர் கவுன விரிச்சுப் போட்டு உக்காந்திருந்துச்சு, அதனால இதுங்க முப்பதடி முன்னாடியே நின்னுடுச்சுங்க.

6:41க்கு முட்டி போட்டான். தப்பான முட்டி.

வழக்கமா என்ன நடக்கும், பொண்ணு வாயப் பொத்தும், தலையாட்டும், அஞ்சு செகண்ட்ல கட்டிப் பிடிச்சு முடிஞ்சிடும், எனக்கு ஒரே ஆங்கிள்தான். இந்தப் பொண்ணு ஒண்ணுமே பண்ணல. கைய பின்னாடி கட்டிக்கிட்டு அவனயே பாக்குது. திரும்பிக் கடலப் பாக்குது. மறுபடி அவன. சிரிக்கக் கூட இல்ல. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, போச்சு, மண்டபம் அட்வான்ஸ் போச்சுன்னே நினைச்சேன், ஆனா கை பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கு, அப்படியே கல்லு மேல இறங்கி சுத்திப் போயி மோதிரமும் அவன் மூஞ்சியும் தெரியற இடத்துக்கு வந்துட்டேன். இதுக்கெல்லாம் எப்பவும் நேரமே கிடைக்காது. அவன் பேயறைஞ்ச மாதிரி இருந்தான். அப்புறம் குனிஞ்சு என்னமோ சொல்லிச்சு, அலைச் சத்தத்துல எனக்குக் கேக்கல, கைய நீட்டுச்சு.

வீட்டுக்கு வந்து ஃபைல்ல டைம் பாத்தேன். பொட்டியத் திறந்தது 6:41:07, கை நீட்டுனது 6:41:49.

நாங்க அஞ்சு பேரும் காபி குடிக்கப் போனோம். எங்கிட்ட அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல, அக்காகிட்டதான் சொல்லிருக்கு. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே பதில் சொல்லணும்னாங்கக்கா, அப்பா சரின்னுட்டாரு, நான் உள்ள டம்ளர் கழுவிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான என்னையே கேக்குறாரு, அதான் யோசிச்சு சொன்னேன்." அக்கா பைக்ல வரும்போது இத சொல்லிட்டு அப்புறம் வீடு வர்ற வரைக்கும் பேசவே இல்ல. எங்க மாமா வந்து பாத்துட்டுப் போன அன்னைக்கு அது என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. கேக்கவும் இல்ல.

பிப்ரவரி 11, புதன்

412 ஃபோட்டோல 60 எடுத்து அனுப்பினேன். பையனுக்கு கட்டிப் பிடிச்சது பிடிச்சிருக்கு, பின்னாடி சூரியன் கரெக்டா வந்திருக்கு, எனக்கும் அதுதான் நல்ல படம்னு தோணுச்சு. பொண்ணு தனியா போன் பண்ணி, அவன் பேந்தப் பேந்த முழிக்கிறது ஒண்ணு இருக்குல்ல, 6:41:38, அத 12க்கு 18 ஃப்ரேம் போட்டுக் குடுங்கண்ணா, புது வீட்டு ஹால்ல மாட்டணும்னு சொல்லிச்சு.

சாயங்காலம் பையன் மெசேஜ்: "அண்ணா அந்த ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுன்னு சொல்லிட முடியுமா?"

கேமராவோட ரெண்டு மெமரி கார்டுலயும் பத்திரமா இருக்குன்னு அவங்ககிட்ட ஏற்கனவே சொல்லிட்டேன் தம்பின்னு ரிப்ளை போட்டேன்.