ஐந்தரைக் கட்டையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மார்கழியில் கல்யாணம் கிடையாது. மயிலாப்பூர் பக்கம் சபாக்கள் களைகட்டும் அந்த ஒரு மாதம்தான் எங்களைப் போன்ற மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு ஓய்வு. போன மார்கழி முழுக்க விருகம்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து, பதினெட்டு வருடமாகச் சேர்த்த பாட்டுகளுக்கு ஒழுங்காகப் பெயர் எழுதினேன். நான் கீபோர்டு வாசிப்பவன். ஹார்ட் டிஸ்கில் 6,400 சொச்சம் கோப்புகள். ஒரிஜினல் பாட்டு, குரல் இல்லாத ட்ராக், ரிகர்சலில் பதிந்தது எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

ஐப்பசியில் வடபழனியில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையின் தாத்தா மேடையோரம் வந்து ஒரு பழைய பாட்டைக் கேட்டார். எங்கள் பாடகிக்கு அது மனப்பாடம். ட்ராக் டிஸ்கில் இருப்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். லேப்டாப் பார்த்துக்கொள்ளும் தம்பி தட்டிக்கொண்டே இருக்கிறான். "அண்ணா, எப்படிப் போட்டாலும் வரல." பாட்டின் முதல் சொல் 'காற்று'. ஆங்கில எழுத்தில் அதற்கு ஏ ஒன்றா இரண்டா, டி ஒன்றா இரண்டா, ஆர் உண்டா, ஹெச் உண்டா? ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் நின்றார். "பரவாயில்லப்பா, வேற எதாவது வாசிங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். ராத்திரி வீட்டுக்கு வந்து கோப்பு கோப்பாகத் தேடினேன். அந்தப் பாட்டு, பெயருக்கு முன்னால் ஏதோ ஒரு டவுன்லோட் தளத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு இருந்தது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் முதல் முடிவு, பாட்டின் பெயர் தமிழ் எழுத்தில்தான். விண்டோஸிலேயே தமிழ் ஃபொனெடிக் கீபோர்டு இருக்கிறது. தம்பி போனில் தட்டுகிற வேகத்தில் அதிலும் தட்டுகிறான். ஆனால் எழுதினால் போதாது, எந்தப் பதிப்பில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். எம்பி3 கோப்புக்குள் பெயர் எழுதும் ஐடி3 முறை 1996-இல் வந்தபோது, கோப்பின் கடைசி 128 பைட்டில் எல்லாவற்றையும் அடைத்தார்கள். பாட்டுப் பெயருக்கு 30 பைட், பாடியவருக்கு 30. தமிழுக்கு அதில் வழியே இல்லை, கேள்விக்குறிகள்தான் வரும். நான் எம்பி3டேக் மென்பொருளில் ஐடி3-இன் 2.3 பதிப்பு, தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-16 குறியாக்கம் என்று வைத்துக்கொண்டேன். பழைய விண்டோஸிலும் அது ஒழுங்காகத் தெரிகிறது. கோப்புக்குள் கிடந்த பழைய முதல் பதிப்பு டேகை, அதாவது பெயர்க் குறிப்பை, மொத்தமாக அழித்துவிட்டேன், இல்லாவிட்டால் சில ப்ளேயர்கள் அதைத்தான் காட்டும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பெயர்கள் சில, ஆங்கில எழுத்துக் குவியலாக நின்றன. அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுத முடிந்தது.

அப்புறம் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டம். சினிமாப் பாட்டில் அது யார்? பாதிக் கோப்புகளில் இசையமைப்பாளர் பெயர், மீதியில் பாடகர் பெயர். இசையமைத்தவருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, எழுதிய கவிஞருக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. ஆகவே ஆர்ட்டிஸ்ட் என்றால் பாடியவர்கள், டூயட் என்றால் இருவரும், என்று வைத்துக்கொண்டேன். ஆனால் மேடையோரம் வருகிறவர்கள் பாடகர் பெயரையா சொல்கிறார்கள்? "ஒரு சிவாஜி பாட்டு போடுங்க", "எம்ஜிஆர் பாட்டு ஒண்ணு" என்றுதான் கேட்கிறார்கள். நடிகருக்கு ஐடி3-இல் இடமே ஒதுக்கவில்லை. நாமே பெயர் வைத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று உண்டு, அதில் 'நடிகர்' என்று திறந்துகொண்டேன். பாட்டு ஓட்டும் ஃபூபார்2000 மென்பொருளில் அதை ஒரு பத்தியாகவே காட்டலாம். தம்பி 2003-இல் பிறந்தவன். அவனுக்கு எது யார் நடித்த பாட்டு என்று தெரியாது, இனி தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மூளையைப் பிழிந்தது சுருதிதான். எங்களுக்குள் யாரும் 'ஜி ஷார்ப்' என்று சொல்வதில்லை, சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். சி என்றால் ஒரு கட்டை, டி இரண்டு, எஃப் நாலு, ஜி ஐந்து, ஜி ஷார்ப் ஐந்தரை. ஐடி3-இல் சுருதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, ஆனால் விதிப்படி மூன்று எழுத்துக்கு மேல் கூடாது, ஏ முதல் ஜி வரைதான். சரி, ஒரிஜினல் சுருதி அதில். எங்கள் பாடகி பாடுகிற கட்டை 'குழு' என்கிற க்ரூப்பிங் கட்டத்தில், தமிழில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ், அதாவது சுருதியை ஏற்றி இறக்குவது, எத்தனை போட வேண்டும் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இதில் கேசட்டை நம்பக் கூடாது. கேசட் டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். மோட்டார் ஆறு சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். என் பழைய டெக்கில் ஏற்றியவற்றில் பல ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கின்றன. கீபோர்டில் சேர்த்து வாசித்தால் பல் கூசும். சி.டி.யோ எல்.பி.யோ கிடைத்த பாட்டுகளை அதோடு ஒப்பிட்டு, ஆடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தைத் திருத்தி, அதன் பிறகே சுருதி எழுதினேன். நாற்பது பாட்டுக்கு நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரே பாட்டு நாலு பிரதி இருந்தால் தரம் உசத்தி என்று நம்பி 320 கேபிபிஎஸ் என்று போட்டிருப்பதை வைத்துக்கொள்ளத் தோன்றும். ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கறுப்பாக வெறுமையாக இருந்தால், அநேகமாக 128 கேபிபிஎஸ் கோப்பை எடுத்து ஊதிப் பெரிதாக்கியது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டை தரைத்தள வீட்டில் இரண்டு பெட்டி கேசட்டை இழந்தவன் நான். அதனால் இப்போது ஒரு டிஸ்க் என்னிடம், இன்னொன்று பாடகி வீட்டில், மூன்றாவது மாடியில்.

'பெயர் தெரியாதவை' என்று ஒரு கோப்புறை மிச்சமிருக்கிறது, 212 பாட்டு. கோடம்பாக்கத்தில் எங்கள் குழுவின் பழைய தபேலாக்காரர் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். பல்லவி வருவதற்கு முன்னாலேயே, முன்னிசையில் தபேலா விழுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, வாசித்தவர் பெயரைச் சொல்கிறார். படத்தின் பெயர் அதற்கு அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. தபேலா வாசித்தவருக்கும் இப்போது ஒரு கட்டம் திறந்திருக்கிறேன். இதுவரை 58 முடிந்திருக்கிறது. வரும் ஞாயிறு மறுபடி போகிறேன்.